முப்பதுக்கு மூணு குறைச்சல்

உக்காருங்க்கா, உக்காருங்க. பையை நான் மடியில வெச்சுக்கறேன். ஜன்னலோரம் வேணும்னா இங்க வாங்க, எனக்கு வெயில் ஒண்ணும் பண்ணாது. லீவு பூரா மைதானத்துலயே நின்னு கருவாடாட்டம் ஆயிட்டேன், பாக்கறீங்கல்ல. தொண்டை கட்டினது சளியில்லீங்க, பயப்படாதீங்க. கத்திக் கத்திப் போன தொண்டை.

ஓலக்காட்டூர்ப் பிரிவு வரைக்கும் போறேனுங்க. எம்மவளைக் கூட்டிட்டு வரணும். திங்கக்கிழமை பள்ளிக்கூடம் தொறக்கறாங்க. புஸ்தகத்துக்கு அட்டை போடல, தெச்ச யூனிபாரத்தை அளவு பாக்கல, அவ பாட்டுக்கு அங்க போய் உக்காந்திருக்கா. சொந்தக்காரங்க வீடெல்லாம் இல்லீங்க. கலாமணின்னு என் சிநேகிதி வீடு. சிநேகிதின்னு சொல்ல இப்ப வாய் வர மாட்டேங்குது, ஆனா வேற என்னன்னு சொல்றது?

கோவிச்சுட்டுப் போயிட்டாளான்னு கேக்கறீங்களா? அவளுக்கு என்ன கோவம்? கோவம் வர வேண்டியது எனக்கு. பெத்த புள்ளையும் கூடப் பொறந்த அக்கா தங்கச்சி மாதிரி இருந்தவளும் சேர்ந்து ஊர் பாக்க என்னைக் கேவலப்படுத்தி அனுப்பிட்டாங்க. நீங்க பெரியவங்க, கேட்டுட்டு நியாயத்தைச் சொல்லுங்க.

நான் கோச்சுங்க்கா. சிரிக்காதீங்க, நெசமாத்தான். பஸ் ஸ்டாண்டுகிட்ட ஃபேன்ஸி ஸ்டோர் வெச்சிருக்கேன், வாரம் பூரா ஹேர்கிளிப்பும் வளையலும் விக்கறவதான். ஆனா ஞாயித்துக்கிழமை காலையில தொப்பியைப் போட்டுட்டு ஹைஸ்கூல் மைதானத்துக்குப் போயிட்டேன்னா நான் கோச்சக்கா. புள்ளைக அப்படித்தான் கூப்பிடும். சாஃப்ட்பால் ஆட்டம். தெரியாதுங்களா? கிரிக்கெட்டுக்குச் சித்தி முறைன்னு வெச்சுக்கங்க. நாலு மூலையில நாலு பேஸ் இருக்கும். பந்தைக் கீழ் வாக்குல கையை வீசிப் போடுவாங்க, அடிச்சுட்டு நாலு மூலையும் சுத்தி வந்தா ஒரு ரன். மூணு பேரு அவுட்டானா அடுத்த டீம் அடிக்க வரும். அவ்வளவுதான்.

நானும் கலாமணியும் காலேஜுல ஒண்ணா ஆடினவங்க. நான் கேப்டன். கல்யாணம் ஆயி ரெண்டு பேரும் அடுப்படிக்குள்ள போயிட்டோம், அப்புறம் பாருங்க, எங்க ஊர் இளைஞர் சங்கத்துல பொம்பளைப் புள்ளைகளுக்கு லீவுல எதாச்சும் பண்ணலாம்னு பேச்சு வந்துச்சு. நான்தான் ஓடி ஓடி ஆள் சேர்த்தேன். சுத்துவட்டாரத்துல நாலு டீம். எங்க ஊர் டீம் எனக்கு, ஓலக்காட்டூர் டீம் கலாமணிக்கு. எம்மவ வர்ணிகா எங்க டீம் கேப்டன். மவங்கறதுக்காகக் குடுக்கலீங்க, ஆட்டம் அப்படி.

எங்க டீம் யார்கிட்டயும் தோக்கல. தோக்கற மாதிரி நான் பழக்கலீங்க. காலையில வெள்ளி முளைக்கறப்ப எழுப்பி ஓட விடுவேன். பந்து கையில பட்டு வீங்கினா ஐஸ் வெப்பேன், வீட்டுக்குப் போகச் சொல்ல மாட்டேன். "கோச்சக்கா, கால் வலிக்குது"ன்னா "அடுத்த காலு இருக்குதில்ல கண்ணு, அதை ஊனிக்கோ"ம்பேன். பாசமாத்தான் சொல்லுவேன். ஆட்டம் முடிஞ்சா எல்லாத்துக்கும் என் காசுல சர்பத்து. சோடா போட்ட சர்பத்துங்க, சும்மா தண்ணி சர்பத்து இல்ல.

இந்தக் கலாமணி எப்படித் தெரியுங்களா? வந்த புள்ளையெல்லாம் ஆடணும்பா. வெச்ச கால் எடுக்கத் தெரியாதது, பந்தைப் பாத்தாக் கண்ணை மூடிக்கறது, எல்லாத்தையும் எறக்கி விடுவா. அப்புறம் எப்படி ஜெயிக்கறது? நான் கேட்டே கேட்டேன். "ஜெயிக்கறதுக்கு நீ இருக்கறியே சுகுணா"ன்னு சிரிச்சா. அந்தச் சிரிப்பை அன்னிக்கு நான் வெள்ளந்தியா எடுத்துக்கிட்டேன் பாருங்க.

சீசன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி மீட்டிங் போட்டோம். கலாமணி எந்திரிச்சு, ஒரு டீம் ரொம்ப முந்திப் போயிட்டா ஆட்டத்தை அதோட முடிச்சுக்கலாம், சட்டத்துலயே அதுக்கு வழி இருக்குதுன்னா. நான் ஒத்துக்கல. ஏனுங்க, வாரத்துல ஒரு நாள் ஆட வருதுங்க புள்ளைக. பாதியிலயே "போதும் கண்ணு, வீட்டுக்குப் போ"ன்னு அனுப்பினா அதுதான் அவமானம். முழுசா ஆடு, முழுசாத் தோத்துட்டுப் போ. எதிராளியை மதிக்கறதுன்னா அதுதான். நான் பேசினதுக்கு எல்லாரும் கை தட்டினாங்க. கலாமணி உக்காந்துட்டா.

இப்ப அன்னிக்கு நடந்ததுக்கு வர்றேன். கடைசி ஞாயிறு. கோப்பை எங்களுக்குத்தான்னு அதுக்கு முன்னாடியே முடிவாயிருச்சு. கடைசி மேட்ச் கலாமணி டீமோட. ஆடிட்டுக் கோப்பையை வாங்கிட்டு வர வேண்டியதுதான். ஆனா எனக்கு மனசுல ஒண்ணு இருந்துச்சுங்க. முப்பது ரன். எங்க பக்கத்துல எந்த டீமும் ஒரே மேட்ச்ல முப்பது எடுத்ததில்ல. பேப்பர்ல போடுவாங்க, போட்டோவோட. எந்தக் கோச்சுக்கு ஆசை இருக்காது? உங்க மவனோ மவளோ தொண்ணூத்தேழு மார்க்கு வாங்கிட்டா "போதும் சாமி"ன்னு விடுவீங்களா, மிச்சம் மூணு எங்கன்னு கேப்பீங்களா?

கலாமணி அன்னிக்குப் பந்து போட ஒரு பொடுசை விட்டிருந்தா. பேரு என்னமோ சொன்னாங்க. கண்ணாடி போட்ட புள்ள. போடற பந்தெல்லாம் ஒண்ணு அக்கட்டால போகுது, ஒண்ணு இக்கட்டால போகுது. நாலு பந்து வெளிய போட்டா அடிக்கற புள்ள சும்மாவே ஒரு பேஸ் நடந்து போலாம். எங்க புள்ளைக பேட்டைத் தூக்கவே வேண்டியதில்ல, வரிசையா நடக்குதுங்க, ரன்னு ரன்னா விழுகுது. அந்தப் பொடுசு அழுதுட்டே போடுது. கண்ணாடியைக் கழட்டித் தொடைக்கறதும் போடறதும். நான் ஒண்ணும் சொல்லலியே. அழுகாம யாருங்க பழகினாங்க? நான் அழுகலியா? எங்க டீமைப் பாத்து "நின்னு ஆடுங்கடி, இன்னும் அஞ்சுதான்"னு கத்தினேன். தண்ணி குடிக்க விட்டாங்க, குடிச்சுட்டு வந்து மறுபடி ஆரம்பிச்சுது. இருபத்தேழு ஆச்சு. நாங்க அடிக்கறது அதுதான் கடைசித் தடவை, இன்னும் ஒருத்தரும் அவுட்டாகல. இன்னும் மூணே மூணு.

அங்கதானுங்க ஆரம்பிச்சாங்க வேலையை.

இந்த ஆட்டத்துல ஒரு சட்டம். பேஸ்ல நிக்கற புள்ள, பந்து எதிராளி கையை விட்டு வர்ற வரைக்கும் காலை எடுக்கக் கூடாது. முன்னாடியே எடுத்தா அவுட். மௌனிகான்னு ஒரு புள்ள, முதல் பேஸ்ல நின்னுச்சு. பந்து வர்றதுக்கு முன்னாடியே ஓடுது. அம்பயர் கையைத் தூக்கிட்டாரு. சரி, அவசரக்குடுக்கை, போகட்டும்னு ஒரு சத்தம் போட்டுட்டு விட்டுட்டேன். அடுத்தது ரெண்டாவது பேஸ்ல நின்ன புள்ள, அதுவும் அதே மாதிரி. அவுட். எனக்குச் சுருக்குனு ஆச்சு. மூணாவது பேஸ்ல வர்ணி. எம்மவ காலுங்க்கா, பேஸ்ல பசை போட்டு ஒட்டின மாதிரி நிக்கும். சின்னதுல இருந்து நான் பழக்கின காலு. அவளையும் அவுட்டுங்கறான் அந்த ஆளு!

எப்படிங்க நம்பறது? விட்டேனா நான்? மைதானத்துக்குள்ள போயிட்டேன். அம்பயர் தினகரன்னு ஒரு சின்னப் பையன், பக்கத்து ஸ்கூல்ல பி.டி. வாத்தியாரு. "கண்ணு அவிஞ்சு போச்சா உனக்கு? மூணு புள்ளைகளும் ஒரே தப்பை ஒண்ணா பண்ணுமா?"ன்னேன். "அக்கா, நான் பாத்தேனுங்க, கால் முன்னாடியே எந்திரிச்சிருச்சு"ங்கறான். "நீ கலாமணிக்கு ஒறம்பரை, அதான் இப்படிச் சொல்ற"ன்னுட்டேன். ஒறம்பரைதானுங்க, தூரத்துச் சொந்தம். அவன் மூஞ்சி சுண்டிப் போச்சு. சனமெல்லாம் எந்திரிச்சு நிக்குது. சங்கத்து ஆளுங்க "விடுங்க சுகுணாக்கா, எப்படியும் ஜெயிச்சாச்சு"ங்கறாங்க. அவங்களுக்கு ஜெயிச்சாச் சரி. எம் புள்ளைக மேல பொய்யாப் பழி விழுந்தா?

நான் அவங்களுக்காகத்தானுங்க சண்டை போட்டேன். அதை மட்டும் மறந்துடாதீங்க.

மைதானத்து மூலையில கருப்பராயன் கோயில் இருக்குது. கோயில்னா பெருசில்ல, வேலு நட்டு வெச்சிருக்கும். எந்த மேட்ச்னாலும் அங்க தேங்காய் ஒடைச்சு சூடம் காட்டிட்டுத்தான் ஆரம்பிப்போம். அந்தத் தட்டு அங்கயே கெடந்துச்சு. நேரா போயி சூடத்தைப் பத்த வெச்சு, தட்டோட தூக்கிட்டு வந்து மூணாவது பேஸ்லயே வெச்சேன். "வர்ணி, வா. ஊருக்கு முன்னாடி சூடத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணு. எங்கால் பேஸ்லதான் இருந்துச்சுன்னு சொல்லு. யாரு வாயைத் தொறக்கறான்னு பாக்கறேன்"னேன்.

உங்க பக்கமும் இந்த வழக்கம் இருக்குங்களா? எங்க பக்கம் சூடம் அணைச்சுட்டாப் பேச்சே கெடையாது. அதுக்கு மேல கோர்ட்டு இல்ல. கருப்பராயன்கிட்ட பொய்ச் சத்தியம் பண்ணினவன் குடும்பம் விளங்கினதில்லைன்னு சின்னதுல இருந்து நான்தான் அவளுக்குச் சொல்லி வளர்த்தேன்.

அவ வந்து நின்னா. கையை நீட்டலீங்க. சூடம் எரியுது. நான் "அணைடி"ங்கறேன். அவ சூடத்தைப் பாக்கறா, என்னைப் பாக்கறா. அந்தக் கண்ணாடிப் பொடுசு மூக்கை உறிஞ்சறது மட்டும் கேக்குது. சூடம் பாதிக்கு மேல கரைஞ்சிருச்சு. "அணைச்சுச் சொல்லு கண்ணு, அம்மா இருக்கறேன்"னேன். அப்படித்தானுங்க சொன்னேன், அம்மா இருக்கறேன்னு.

"நான் வேணும்னுதாம்மா காலை எடுத்தேன். நாங்க மூணு பேரும் பேசி வெச்சுத்தான் எடுத்தோம். அம்பயர் அண்ணன் மேல தப்பில்ல"ன்னா.

ஏண்டின்னு கேட்டேன். "அந்தப் புள்ள அழுதுட்டே போடுதும்மா. நீ நிறுத்த மாட்ட. எங்களுக்கு வேற வழி தெரியல"ன்னா. அத்தனை சனம் பாத்துட்டு நிக்குது. யாரோ ஒருத்தன் கை தட்டறான். எம்மவளுக்குக் கை தட்டறான், எனக்கு எதிரா! எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நெனைக்கறீங்க? முதுகுல குத்தறதுன்னு சொல்லுவாங்களே, அது முகத்துக்கு நேரா நின்னு குத்தினது.

அப்பக் கையை ஓங்கினேன். லேசாப் பட்டிருக்கும். பட்டுதா படலியான்னே எனக்கு ஞாபகமில்ல. கம்மல் எங்கயோ தெறிச்சுப் போச்சுன்னு அப்புறம் தேடினாங்க, அது எப்பவுமே லூசா இருக்கற கம்மல். உடனே இந்தக் கலாமணி ஓடி வந்து அவளை இழுத்து அணைச்சுக்கறா. "வேண்டாம் சுகுணா, குழந்தை"ங்கறா. யாரு குழந்தையை யாரு அணைக்கறது? நீதான் சொல்லிக் குடுத்திருப்ப, நீதான் தூண்டி விட்டிருப்ப, நேரா நின்னு ஜெயிக்க வக்கில்லாம எம் புள்ளையை உங்கையில போட்டுக்கிட்டன்னு வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். அவ எம்மவ தலையைத் தடவிட்டே நின்னா. பதில் சொல்லியிருந்தாக்கூட எனக்கு ஆறியிருக்கும்.

கோப்பையை வாங்க மேடைக்குப் போனேன். திரும்பிப் பாக்கறேன், எங்க டீம்ல பாதி வரல. வர்ணி, தோத்த டீமோட டெம்போவுல ஏறி உக்காந்திருக்கா. அந்தப் பொடுசுக்குப் பக்கத்துல. கூப்பிட்டேன். எறங்கல. வண்டி போயிருச்சு.

எங்க ஊட்டுக்காரர்கிட்டப் போய்ச் சொன்னா அவரு பேப்பரைக் கீழ வைக்காம, "ரெண்டு நாள் இருந்துட்டு வரட்டும், அவளுக்கும் நல்லது, உனக்கும் நல்லது"ங்கறாரு. எனக்கென்ன நல்லதுங்க? சோத்தைப் போட்டா இறங்கல. அவ படுக்கற பாயைச் சுருட்டி வெச்சதுதான், பிரிச்சுப் பாக்க மனசு வரல. தெனமும் இன்னிக்கு வந்துருவா, இன்னிக்கு வந்துருவான்னு கடையில உக்காந்து ரோட்டையே பாத்துட்டிருந்தேன். மன்னிப்புக் கேட்டா மன்னிச்சுடலாம்னுதான் இருந்தேன். வரல.

நேத்து போன் பண்ணினா. அவளாத்தான் பண்ணினா. "அம்மா, பள்ளிக்கூடம் தொறக்குது, வந்து கூட்டிட்டுப் போறியா?"ன்னா. அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு எல்லாமே மறந்து போச்சுங்க. வர்றேன் சாமி, இப்பவே வர்றேன்னேன். அதோட போனை வெச்சிருக்கலாம். வாய் சும்மா இருக்குதா எனக்கு? "சித்தி சொல்லிக் குடுத்துதானே அப்படிப் பண்ணினீங்க? அதை மட்டும் ஒத்துக்கோ, போதும்"னு கேட்டேன். கலாமணியை அவ சித்தின்னுதான் கூப்பிடுவா.

அப்பத்தான் சொல்றா. தண்ணி குடிக்க விட்ட நேரத்துல இவளுக மூணு பேரும் போயி, நாங்க இப்படி அவுட்டாகிக்கறோம் சித்தி, அந்தப் புள்ள பாவம்னு கலாமணிகிட்டச் சொல்லியிருக்காங்க. அதுக்கு அவ என்ன சொன்னாளாம் தெரியுங்களா? "வேண்டாம் சாமி, அப்படிப் பண்ணாதீங்க. உங்கம்மாவுக்கு இதை விட்டா வேற என்ன இருக்குது? ஆசை தீர ஜெயிச்சுக்கட்டும். எங்க புள்ளைகளை நான் தேத்திக்கறேன்"னாளாம்.

கேட்டீங்களா? ஜெயிச்சுக்கட்டும்! என்னமோ குழந்தைக்கு முட்டாய் குடுக்கற மாதிரி. தோத்தவ ஜெயிச்சவளைப் பாத்துப் பாவம்ங்கறாங்க்கா. எம்மவ செஞ்சதுகூடப் பரவாயில்ல, அறியாப் புள்ள. இவ என்கூட ஒரே தட்டுல சாப்பிட்டவ. எத்தனை நாளா என்னை இப்படிப் பாத்துட்டிருக்கா?

ராத்திரி பூரா கண்ணு மூடல. முதல் ரவுண்டுல இவ டீமோட ஆடினப்ப நெருக்கிட்டு வந்தாங்க, ஒரே ரன்னுல ஜெயிச்சோம். கடைசி நேரத்துல நல்லாப் போடற புள்ளையை உக்கார வெச்சுட்டுப் பந்தை யாரு கையில குடுத்தா இவ? "எல்லாரும் போடட்டும்"னா. அன்னிக்கு எல்லாரும் போடறதுக்காகக் குடுத்தாளா, நான் ஜெயிக்கறதுக்காகக் குடுத்தாளா? இன்னும் பின்னாடி போங்க. காலேஜுல கேப்டனுக்கு நாங்க ரெண்டு பேருந்தான் நின்னோம். "எனக்கு ஆட்டத்துல மட்டுந்தான் கவனம்"னு சொல்லிக் கடைசி நாள்ல கலாமணி விலகிட்டா. நான் கேப்டன் ஆயிட்டேன். அந்தப் போட்டோ எங்க வீட்டுல இன்னும் மாட்டியிருக்குது. அதுவும் "இவளுக்கு வேற என்ன இருக்குது"ன்னு விட்டதுதானா?

எனக்கு அது தெரிஞ்சாகணுங்க. நான் ஜெயிச்சதுல எது நெசமா ஜெயிச்சது, எது அவ போட்ட பிச்சை? அவ வாயால சொல்லட்டும்.

ஆனா இந்த வர்ணி இருக்கறாளே, போனை வைக்கறப்ப ஒரு நிபந்தனை போட்டா. "நீ வா, நான் உன்கூட வர்றேன். ஆனா சித்திகிட்ட ஒண்ணும் கேக்கக் கூடாது. ஒரு வார்த்தைகூட. கேட்டீன்னா நான் வர மாட்டேன். இங்கயே ஸ்கூல்ல சேர்ந்துக்கறேன், அப்பாகிட்டச் சொல்லிட்டேன்"ன்னா. அவ அப்பனும் சரின்னுட்டாராம். பாருங்க, எல்லாரும் ஒரு கட்சி. அவ சொன்னாச் செய்வா. பிடிவாதத்துல அப்படியே என்னை உரிச்சு வெச்சிருக்கா.

ஆமாங்க்கா, நீங்க சொல்றது சரிதான். புள்ளைதான் முக்கியம். கேக்காம கூட்டிட்டு வந்துடறதுதான் புத்தி. நானும் கோபி பஸ் ஸ்டாண்டுல ஏறினதுல இருந்து எனக்கு நானே அதைத்தான் சொல்லிட்டு வர்றேன். எறங்கணும், புள்ள கையைப் புடிக்கணும், எதிர்ச்சாரியில நிக்கற பஸ்ஸுல ஏறணும். சித்திக்கு டாட்டா சொல்லு கண்ணுன்னு சொல்லணும். வாயை மூடிக்கணும். எவ்வளவு நேரமாயிரும்?

அதோ, பிரிவு வந்துருச்சு. அந்த நீலச் சுடிதார், அதான் எம்மவ. எளைச்சுட்டா பாருங்க. இல்ல, வளந்துட்டாளோ? என்னைப் பாத்துட்டா. கையை ஆட்டறா. சிரிக்கறா பாருங்க்கா, கோவமெல்லாம் ஒண்ணும் இல்ல அவளுக்கு.

பக்கத்துல நிக்கறவதான் கலாமணி. எம்மவ பையைத் தோள்ல மாட்டிட்டு நிக்கறா. அவளும் சிரிக்கறா. அதே சிரிப்புங்க, அன்னிக்குச் சிரிச்ச அதே சிரிப்பு.

கண்டக்டர் தம்பி, எறங்கணும், நிறுத்துங்க. சித்த கால நகத்துங்க்கா. வர்றேனுங்க.

தெரியும், தெரியும், கேக்கக் கூடாது. புள்ளைய முதல்ல அந்தப் பஸ்ஸுல ஏத்தி உக்கார வெச்சுடறேன். அப்புறம் அவ காதுல விழுகாம, ஓரமாக் கூப்பிட்டு, ஒரே ஒரு வார்த்தை. அதைக் கேட்டுட்டா நான் பாட்டுக்குப் புள்ளைய கூட்டிட்டுப் போயிடுவேனுங்க.